சர்வர் போனாலும் பெட்டி இருக்கிறது: பழைய கன்சோல்களின் கடைசி இரவு பற்றிப் பேசுவோம்

#1 வானவில்_சாலை (பெரம்பூர்)

2024 ஏப்ரல் 9, விடிகாலை நாலே கால் மணி. வீட்டில் எல்லாரும் தூக்கம். டிவி சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு நிண்டெண்டோவின் வீ யூ கன்சோலில் மரியோ கார்ட் 8 பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தேன். கையடக்கப் பெட்டியான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் ஆன்லைன் ஆட்டத்தை நிறுத்தப்போவதாக நிண்டெண்டோ 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி ஏப்ரல் 8 மாலை 4 மணி. நமக்கு அது மறுநாள் விடிகாலை 4:30.

இந்தப் பெட்டியை 2015-ல் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார். எனக்குத் தெரிந்த யாரிடமும் வீ யூ கிடையாது. அதனால் கூட ஆட ஆள் வேண்டுமென்றால் ஆன்லைன்தான். அப்படிக் கிடைத்தவர்களில் ஒருவர் ஜப்பான்காரர். பெயர் தெரியாது, வயது தெரியாது. கறுப்புக் கண்ணாடியும் அடர்ந்த புருவமும் வைத்த ஒரு மீ முகம் (பெட்டியில் நாமே செய்துகொள்ளும் பொம்மை ஆள்), எப்போதும் அதே மஞ்சள் வண்டி. 2016-ல் நண்பர் பட்டியலில் சேர்ந்தார். பந்தயத்துக்கு நடுவில் பேச வழியில்லை. ஆனால் கையில் பிடிக்கும் கேம்பேட் திரையில் ஒரு ஹாரன் படம் இருக்கும், தொட்டால் வண்டி ஹாரன் அடிக்கும். அவர் என்னைத் தாண்டும்போது இரண்டு முறை அடிப்பார். நான் பதிலுக்கு இரண்டு முறை அடிப்பேன். எட்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அன்று ஆன்லைன் அறையில் அவரையும் சேர்த்து 12 பேரும் நிறைந்திருந்தோம். 4:30 ஆனது, ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பந்தயம் முடிந்து அடுத்ததும் தொடங்கியது. யாரும் தானாக வெளியே போகவில்லை. போனால் திரும்ப வர முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இணைப்பு அறுந்து அறுந்து 9 ஆனது, 7 ஆனது, 5 ஆனது. தெருவில் பால் வண்டி வந்த நேரம் எங்கள் வீட்டில் கரண்ட் போய்விட்டது. பத்து நிமிடத்தில் வந்தது. மறுபடி நுழையப் பார்த்தேன், பிழைச் செய்திதான். கரண்ட் போகும் வரை அந்த ஜப்பான்காரர் அறையில்தான் இருந்தார். ஹாரன் அடித்துச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் தம்பி மகன் வந்திருந்தான். பெட்டியை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். ஆன்லைன் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இது ரிப்பேரா?" என்றான். ரிப்பேர் இல்லை. டிஸ்க் கீறல் இல்லாமல் இருக்கிறது, பெட்டி நன்றாக ஓடுகிறது, வீட்டு இணையமும் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் ஆட முடியாது என்பதை ஒன்பது வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது?

சர்வரைக் காலம் முழுக்க ஓட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கடையைக் கட்டும்போது சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்கள் கடைசி இரவு எப்படி இருந்தது? எழுதுங்கள்.


#2 சிவப்பு_வளையம் (ஸ்கார்பரோ)

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். என்னுடையது 2010 ஏப்ரல் 15. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கு லைவ் என்ற ஆன்லைன் சேவை நின்ற நாள்.

ஹேலோ 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வந்தது 2004 நவம்பரில். அப்போது நான் கனடா வந்து மூன்று வருடம். பகலில் படிப்பு, பின்னேரம் வேலை, இரவில் ஹேலோ. எங்கள் ஆட்கள் நாலு பெடியள், ஒருவன் மொன்ட்ரியல், ஒருவன் லண்டன், மற்ற இரண்டு பேரும் ரொறொன்ரோ. ஹெட்செட் மாட்டிக்கொண்டு தமிழில் கதைத்துக்கொண்டே லாக்அவுட் மேப்பில் இரவிரவாக ஆடுவோம். அந்த விளையாட்டில் ஒரு வசதி இருந்தது: எதிரணிக்காரன் பக்கத்தில் வந்தால் அவன் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவனுக்குக் கேட்கும். சுவருக்குப் பின்னால் நின்று நாங்கள் தமிழில் திட்டம் போட, எதிரணியில் ஒருவன் அதே தமிழில் "நான் இங்கதான் நிக்கிறன்" என்று சொன்னான். அன்றைக்குச் சேர்ந்தவன்தான் எங்கள் ஐந்தாவது ஆள். அவனுடைய கலியாணத்துக்கு நான் போனேன்.

புது வசதிகள் கொண்டு வரப் பார்க்கிறோம், அவை பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளோடு ஒத்துப்போகாது என்று மைக்ரோசாஃப்ட் காரணம் சொன்னது. நண்பர் பட்டியலை 100-க்கு மேல் கூட்டத்தான் இது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். அடுத்த பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360-ல் அந்த 100 கடைசி வரைக்கும் 100 ஆகவே இருந்தது.

அந்த இரவு நான் விடிய விடிய ஆடிவிட்டு, பழக்கதோஷத்தில் பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்தேன். எழும்பிப் பார்த்தால்தான் தெரிந்தது, அணைக்காமல் விட்டவர்கள் இன்னும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக நுழைவதைத்தான் மூடியிருந்தார்கள், உள்ளே இருப்பவர்களைத் துரத்தவில்லை. பதினாலு பேர் அளவில் கடைசியாக மிஞ்சினார்கள். பெட்டி சூடேறாமல் இருக்க மின்விசிறி வைத்துக்கொண்டு, இணைப்பு அறாமல் பார்த்துக்கொண்டு, மூன்று கிழமைக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள். மே மாதத்தில்தான் கடைசி ஆளும் விழுந்தார்.

பதினாறு வருடம் பழைய கதை என்றாலும், அந்த அணைக்கும் பட்டனை அழுத்தின விரல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.


#3 போர்ட்_443 (கோவை)

வானவில் அண்ணா, நான் சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பவள். 4:30-க்குப் பிறகும் உங்கள் அறை ஏன் உடையவில்லை என்பதற்குக் காரணம் சொல்கிறேன், அதிலேயே உங்கள் சாவிக் கேள்விக்கும் பாதி பதில் இருக்கிறது.

மரியோ கார்ட் மாதிரி விளையாட்டுகளில் நிறுவனத்தின் சர்வர் செய்வது கல்யாணத் தரகர் வேலை. நீங்கள் யார் என்று சரிபார்க்கும், ஆட ஆள் தேடும், "இவர்களெல்லாம் இந்த முகவரியில் இருக்கிறார்கள்" என்று அறிமுகம் செய்துவைக்கும். அதற்குப் பிறகு பெட்டிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும். தரகர் ஊரை விட்டுப் போனால் புது வரன் அமையாது, ஏற்கெனவே சேர்ந்தவர்கள் பிரிய வேண்டியதில்லை. அதனால்தான் உங்கள் அறை நின்றது. ஹேலோ 2-லும் ஏறக்குறைய இதே கதைதான்.

இப்படிப்பட்ட விளையாட்டுக்கு மாற்றுத் தரகரை ரசிகர்களே ஏற்பாடு செய்துவிடலாம். செய்தும் இருக்கிறார்கள். பழைய பெட்டிகளான வீ, டிஎஸ் இரண்டின் ஆன்லைன் சேவையையும் நிண்டெண்டோ 2014 மே 20-ல் நிறுத்தியது. அதே வருடம் விம்ஃபி என்ற ரசிகர் சர்வர் வந்துவிட்டது, மரியோ கார்ட் வீ இன்று வரை அதில் ஓடுகிறது.

இன்னொரு வகை இருக்கிறது, அதில் உலகமே சர்வருக்குள் இருக்கும். உங்கள் ஆள், சட்டை, வாள், காசு, ஊர், அரக்கர்கள் எல்லாம் அங்கேதான். வீட்டுப் பெட்டி வெறும் ஜன்னல். மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரன்டியர் அப்படிப்பட்டது, 2019 டிசம்பரில் மூடினார்கள். அந்த வகையை வெளியிலிருந்து பார்த்துத் திரும்பக் கட்டுவது வருடக்கணக்கான வேலை. உலகத்தின் விதிகள் எதுவும் உங்கள் டிஸ்கில் இல்லை.

ஃபைனல் ஃபேன்டஸி 11 இதில் தனிக்கதை. 2002-ல் ஜப்பானில் சோனியின் பிஎஸ்2-வில் (பிளேஸ்டேஷன் 2) தொடங்கி, 2016 மார்ச் வரை அதே பிஎஸ்2-வில் ஆட முடிந்தது. பிறகு பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ் 360 கதவுகளை மட்டும் அடைத்தார்கள். உலகம் கணினியில் இன்றும் ஓடுகிறது. பிஎஸ்2-வில் ஆடியவர் கணினிக்கு மாறினால் அதே ஆள் அங்கே நிற்பார். மூடுவதில் இதைவிடக் கண்ணியமான முறையை நான் பார்த்ததில்லை.


#4 நாலு_பட்டன்

எல்லாரும் மனசு கஷ்டப்பட்டு எழுதுவது புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை காசு கொடுத்து டிஸ்க் வாங்கினோம். அதற்குப் பிறகு மாதம் ஒரு ரூபாய்கூட நாம் கொடுக்கவில்லை. வீ யூவில் ஆன்லைனுக்குக் கட்டணமே கிடையாது. ஆட்கள் குறைந்துகொண்டே வரும்போது சம்பளம் கொடுத்து அதைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு என்ன அவசியம்? ஆள் இல்லாத ஊருக்குப் பேருந்து விடச் சொன்னால் எப்படி?


#5 சிவப்பு_வளையம்

ஆள் இல்லை என்பது எப்போதும் உண்மை இல்லை, நண்பரே. 2023 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360-ல் பழைய கால் ஆஃப் டியூட்டி விளையாட்டுகளின் ஆள் தேடும் பகுதியை யாரோ சரிசெய்தார்கள். பல காலமாகப் பழுதாகிக் கிடந்தது அது. அது சரியாகிவிட்ட செய்தி பரவினதும் சனம் அலை அலையாக வந்தது. நானும் தூசி தட்டி எடுத்துப் போனேன், அறை கிடைக்க ஐந்து வினாடிகூட ஆகவில்லை. பேருந்து வராததால்தான் நிறுத்தத்தில் ஆள் இல்லை.


#6 போர்ட்_443

நாலு_பட்டன் சொல்வதை நான் முழுதாகத் தள்ள மாட்டேன். செலவு என்பது மின்சாரமும் வாடகையும் மட்டும் இல்லை.

பழைய பெட்டிகள் பழைய காலத்துப் பாதுகாப்பு முறைகளைத்தான் பேசும். சர்வரை நம்பலாமா என்று சரிபார்க்கும் சான்றிதழ்கள் பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும். பெட்டிக்கு அப்டேட் நின்றுவிட்டால், அதோடு பேசுவதற்காகவே சர்வர் பக்கம் பழைய வாசலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதன் வழியாக வேண்டாதவர்களும் வரலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நிண்டெண்டோவின் பல விளையாட்டுகளில் பொதுவாக இருந்த ஒரு ஓட்டை 2022 டிசம்பரில் வெளியே தெரிந்தது. ஆன்லைனில் உங்களோடு ஆடுகிறவர் உங்கள் பெட்டிக்குள் தன் நிரலை ஓட்டிவிட முடியும், அந்த அளவுக்கு மோசமானது. ஒரு பாதுகாப்புக் குறையைச் சொல்லி 2023 மார்ச்சில் வீ யூவின் மரியோ கார்ட் 8, ஸ்ப்ளட்டூன் இரண்டையும் ஆன்லைனிலிருந்து எடுத்தார்கள். ஆகஸ்டில்தான் திரும்பின. ஐந்து மாதம். விற்பனை நின்றுபோன ஒரு பெட்டிக்காகப் பழைய நிரல் தெரிந்த பொறியாளர்களைத் தேடி உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆகவே நிறுத்தியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நிறுத்தும்போது பெட்டிக்குக் கடைசியாக ஒரு சின்ன அப்டேட் கொடுத்து, "சர்வர் முகவரியை நீங்களே எழுதிக்கொள்ளலாம்" என்று ஒரு கட்டம் வைத்திருந்தால் போதும். அண்ணா கேட்கிற சாவி அதுதான். அதற்குப் பிறகு யாரை நம்புவது என்பது நம் பொறுப்பு.


#7 பழைய_துறவி (மதுரை)

என் கதை கொஞ்சம் வேறு. எனக்குக் கூட்டாளிகளே கிடையாது, குரல் அரட்டையும் கிடையாது. டீமன்ஸ் சோல்ஸ், பிஎஸ்3. 2018 பிப்ரவரி 28-ல் சர்வரை நிறுத்தினார்கள்.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது தனியாக ஆடும் விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் தரையில் மற்ற ஊர்க்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகள் மின்னும்: முன்னால் பதுங்கியிருக்கிறான் பார், இங்கே பொக்கிஷம் இருக்கிறது. சில இடங்களில் ரத்தக்கறை இருக்கும். தொட்டால், அங்கே செத்த ஆட்டக்காரரின் கடைசி சில வினாடிகள் சிவப்பு நிழலாக ஓடும். ஒரு படிக்கட்டு முனையில் எட்டுப் பத்து ரத்தக்கறை கிடந்தால் அடுத்த அடி வைக்கும் முன் யோசிப்போம். அவ்வப்போது வெள்ளை நிழலாக யாரோ பக்கத்தில் ஓடி மறைவார். அவரும் அந்த நேரத்தில் உலகத்தில் எங்கோ இதே படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த நிழலைப் பார்க்கும்போது வருகிற தைரியம் இருக்கிறதே, அதை நான் வேறெந்த விளையாட்டிலும் உணர்ந்ததில்லை.

அதில் பழைய துறவி என்றொரு எதிரி வருவார், என் பெயர் அங்கிருந்து எடுத்ததுதான். மஞ்சள் அங்கி. அவர் தானாகச் சண்டை போட மாட்டார். இணையத்தில் இருக்கும் இன்னொரு ஆட்டக்காரரைத் தன் சார்பாக அழைத்து நிறுத்துவார், அந்த ஆள் தலையில் மஞ்சள் துணி சுற்றியிருக்கும். முதல் முறை போனபோது எனக்கு எதிரே வந்தவர் சண்டை போடவே இல்லை. தலைவணங்கினார். நானும் வணங்கினேன். அப்படியே நின்று, என்னை வெட்ட விட்டார். ஏன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அடுத்த முறை விளையாட்டு என்னை மஞ்சள் துணியோடு ஒருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது, நானும் வாளைக் கீழே இறக்கினேன்.

இப்போதும் அந்த டிஸ்க் ஓடும். எல்லா ஊரும் இருக்கிறது, எல்லா அரக்கரும் இருக்கிறார்கள். துறவியின் அறைக்குப் போனால் கணினி ஆட்டுவிக்கும் ஒரு பொம்மை வந்து வாள் வீசுகிறது. தரையில் ஒரு குறிப்பு இல்லை, ஒரு ரத்தக்கறை இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் மாசி வீதி மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் இதை வெளியிட்ட அட்லஸ், 2012-லேயே மூடப்போவதாக ஒரு முறை அறிவித்தது. பிறகு மனம் மாற்றிக்கொண்டு வருடக்கணக்கில் நீட்டித்தது. என்னைப் போல் பின்னால் வந்தவர்களுக்கு அந்த வருடங்கள்தான் கிடைத்தன. பின்னர் ரசிகர்கள் தனி சர்வர் கட்டியிருக்கிறார்கள், குறிப்புகளும் நிழல்களும் அதில் திரும்ப வந்திருக்கின்றன. சில இரவு போய் வருகிறேன்.


#8 முடியாத_லெவல்

வீ யூ பற்றிப் பேசும்போது மரியோ மேக்கரை விட்டுவிடக் கூடாது. யார் வேண்டுமானாலும் லெவல் கட்டி ஏற்றலாம், மற்றவர்கள் ஆடலாம். கட்டியவர் தானே ஒரு முறை முடித்துக் காட்டினால்தான் ஏற்ற முடியும். 2021 மார்ச்சுடன் புதிதாக ஏற்றுவது நின்றது. அதற்கும் முன்பே ஒரு ரசிகர் கூட்டம், உலகத்தில் ஒருவர்கூட முடிக்காத லெவல்களை எல்லாம் தேடித் தேடி முடிப்பது என்று இறங்கியிருந்தது. தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் டீம் 0%.

சர்வர் மூடும் தேதி தெரிந்ததும் அது ஓட்டப்பந்தயம் ஆனது. 2024 மார்ச்சில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, ட்ரிம்மிங் த ஹெர்ப்ஸ். சில வினாடிகளே ஓடும் சின்ன லெவல். ஆனால் ஒவ்வொரு அசைவும் இம்மி பிசகாமல் விழ வேண்டும். உலகத்தின் கைதேர்ந்த ஆட்கள் ஆயிரக்கணக்கான முறை முயன்று தோற்றுக்கொண்டிருந்தபோது, அதைக் கட்டியவர் வந்து, தான் கையால் முடிக்கவில்லை, கருவியை வைத்து முடித்து ஏற்றியது என்று ஒப்புக்கொண்டார். விதிப்படி அது கணக்கிலேயே வராது என்று கூட்டம் அறிவித்தது. வேலை முடிந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போகவில்லை. சிலர் விடாமல் முயன்றார்கள். ஏப்ரல் 5, சர்வர் மூட மூன்று நாள் இருக்கும்போது, ஒருவர் வெறும் கையால் அதை முடித்தார். நான் அதை நேரலையில் பார்க்கவில்லை, மறுநாள் காலை பதிவில் பார்த்தேன். கொடிக்கம்பத்தைத் தொட்டதும் அவர் போட்ட சத்தத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கடைசி நாள் என்று ஒன்று இல்லாவிட்டால் இந்தக் கூட்டம் இப்படி ஒன்றுசேர்ந்திருக்குமா என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், இந்த மாதிரி ஆட்களிடமா கதவை மூடுகிறீர்கள் என்று கோபமும் வருகிறது.


#9 சட்டப்படி (திருச்சி)

சாவி கேட்பதற்கு இப்போது ஒரு இயக்கமே நடக்கிறது, அதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

யூபிசாஃப்டின் த க்ரூ 2014-ல் வந்த கார் ஓட்டும் விளையாட்டு. எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. தனியாக ஓட்டினாலும் சர்வர் இணைப்பு இருந்தே ஆகவேண்டும். 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தியதும் முழு விளையாட்டும் போனது, டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து. வானவில் அண்ணாவாவது டிவி முன்னால் நாலு பேரை உட்காரவைத்து மரியோ கார்ட் ஆடலாம். த க்ரூ வாங்கியவருக்கு அதுவும் இல்லை.

அதைப் பார்த்துத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனு என்று ஒரு வழி உண்டு, ஒரு வருடத்துக்குள் 10 லட்சம் கையெழுத்து சேர்ந்தால் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். நாலு_பட்டன் நண்பர் கவனிக்க வேண்டியது, அந்த மனுவும் சர்வரை என்றென்றைக்கும் ஓட்டு என்று கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறது, அவ்வளவே. நிறுவனங்களின் சங்கமான வீடியோ கேம்ஸ் யூரோப் இதை ஏற்கவில்லை. ரசிகர் சர்வரில் ஆட்டக்காரர்களின் தகவலுக்குப் பாதுகாப்பு இருக்காது, தவறான விஷயங்கள் வந்தால் நீக்க ஆள் இருக்காது, பழி உரிமையாளர் மேல் விழும் என்கிறார்கள். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் முடியாது என்று சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். முடித்தவர்கள் இருக்கிறார்கள். நாக்அவுட் சிட்டியை 2023 ஜூனில் மூடியபோது, சொந்தமாக சர்வர் நடத்தும் பதிப்பைக் கணினிக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். கன்சோல்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பது வேறு வருத்தம். யூபிசாஃப்டே த க்ரூ 2-க்கு இணையம் இல்லாமல் ஓடும் முறையைக் கொண்டுவந்துவிட்டது.

வாங்குகிறோம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டலாக விற்கும் பொருளுக்கு "வாங்கு" என்று பட்டன் வைத்தால், அது உரிமம்தான், பொருள் அல்ல என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் டிஸ்க் உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை நாம் யாரும் படித்ததில்லை.


#10 நாலு_பட்டன்

சாவி விஷயம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஓட்டச் சொல்வது வேறு, விட்டுவிட்டுப் போகச் சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். முகவரிக் கட்டம் ஒன்று வைப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, அதில் நானும் உங்கள் பக்கம்.


#11 புல்வெளி_151 (ஈரோடு)

போகிமான் ஆட்களுக்கு ஒரு அவசரச் செய்தி. 3டிஎஸ்ஸில் ஆன்லைன் ஆட்டம் நின்றாலும், போகிமான்களை இணையத்தில் சேமித்துவைக்கும் போகிமான் பேங்க் இன்னும் வேலை செய்கிறது. 2023 மார்ச்சில் 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடை மூடியதிலிருந்து அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் முன்பே இறக்கியவர்களுக்குத்தான். பேங்கிலிருந்து புதிய சேமிப்பிடமான போகிமான் ஹோமுக்கு மாற்றினால் புது விளையாட்டுகளுக்குக் கொண்டுபோகலாம். பேங்க் என்றைக்கு நிற்கும் என்று தேதி சொல்லவில்லை. பழைய கேசட்டில் பத்து வருடம் வளர்த்த போகிமான் இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். என் அக்கா ஆட்டத் தொடக்கத்தில் கிடைத்த தன் முதல் போகிமானை அப்படித்தான் காப்பாற்றினாள்.

அப்புறம் டிஎஸ். போகிமான் டயமண்ட், பேர்ல் விளையாட்டுகளின் காலத்து உலகப் பரிமாற்றத்தை ரசிகர்கள் திரும்ப நடத்துகிறார்கள். கேசட்டை மாற்ற வேண்டியதில்லை, டிஎஸ்ஸின் வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் எண்ணை (எந்தச் சர்வருக்குப் போவது என்று வழிகாட்டும் எண்) மாற்றினாலே போதும். உண்மையான தொல்லை வேறு இடத்தில். டிஎஸ் கேசட்டுகளுக்கு டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு மட்டுமே தெரியும், இன்றைய ரவுட்டர்களில் பலவற்றில் அது கிடையாது. நான் செய்வது: பழைய போனில் கடவுச்சொல் இல்லாத ஹாட்ஸ்பாட் போட்டு, மொட்டை மாடிக்குப் போய், பரிமாற்றம் முடிந்ததும் அணைத்துவிடுவேன். வீட்டு ரவுட்டரின் பூட்டை மட்டும் இதற்காகக் கழற்ற வேண்டாம்.

போன மாதம் அப்படி மேஜிகார்ப் என்ற ஒரு ஜப்பானியப் போகிமான் வந்தது. அதை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.


#12 வானவில்_சாலை

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் தம்பி மகனுக்குப் படித்துக் காட்டினேன். துறவி கதையில் மட்டும் மூன்று கேள்வி கேட்டான்.

போர்ட்_443, வீ யூவுக்கு ப்ரிடெண்டோ என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெட்டியை உடைத்து ஏதாவது ஏற்ற வேண்டுமா? பெட்டி கெட்டுப்போனால் இன்னொன்று கிடைக்காது, அந்தப் பயம்தான்.


#13 போர்ட்_443

ஆமாம் அண்ணா, நிண்டெண்டோவின் சேவைக்கு மாற்றாக ரசிகர்கள் கட்டியது. 3டிஎஸ் என்றால் பெட்டியில் மாற்றம் செய்தே ஆகவேண்டும். வீ யூவில் எளிய வழி ஒன்று இருக்கிறது: இணைய அமைப்புக்குள் போய் டிஎன்எஸ்ஸைத் தானாக என்பதிலிருந்து கைமுறைக்கு மாற்றி, அவர்கள் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணை இட வேண்டும். பெட்டிக்குள் எதையும் ஏற்ற வேண்டாம், வேண்டாமென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். எண்ணை அவர்கள் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், யாரோ வீடியோவில் சொன்னதை நம்பாதீர்கள். இது அதிகாரபூர்வமானது அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். வங்கி அட்டை, வேறு இடத்தில் வைத்திருக்கும் கடவுச்சொல் எதையும் அங்கே கொடுக்க வேண்டாம்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய நிண்டெண்டோ கணக்கு அங்கே செல்லாது. புதுக் கணக்குத்தான். நண்பர் பட்டியல் காலியாக இருக்கும்.


#14 வானவில்_சாலை

நேற்று ராத்திரி மாற்றினேன். முதல் தடவை ஒரு எண்ணைத் தவறாக இட்டுவிட்டேன், தம்பி மகன்தான் கண்டுபிடித்தான். இரண்டாவது தடவை உள்ளே போனது. உலக வரைபடம் சுற்றியது, ஆறு பேர் அறைக்கு வந்தார்கள். மூன்று பேருக்கு பிரேசில் கொடி, ஒருவருக்கு ஜெர்மனி, மற்றவர்களைச் சரியாகப் பார்க்கவில்லை, கண் கலங்கியிருந்தது. வானவில் சாலை என்ற பந்தயப் பாதையில் இரண்டு தடவை விழுந்து ஐந்தாவதாக வந்தேன். பையன் கையில் கொடுத்தேன், அவன் மூன்றாவது வந்தான்.

போர்ட்_443 சொன்ன மாதிரி நண்பர் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. அந்த ஜப்பான்காரருக்கு இப்படி ஒரு இடம் இருப்பது தெரியுமா, அவர் பெட்டி இன்னும் ஓடுகிறதா, எதுவும் தெரியாது. என் பழைய மீ முகத்தை அப்படியே செய்து வைத்திருக்கிறேன், அதே பெயர், அதே பச்சை வண்டி. தினமும் ஜப்பான் நேரம் இரவு 10 மணிக்கு, நமக்கு 6:30, அரை மணி நேரம் உள்ளே இருப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அவர் அந்த நேரத்தில்தான் வருவார்.


#15 சிவப்பு_வளையம்

தம்பி, அலமாரியில் என்னிடமும் ஒரு வீ யூ கிடக்கிறது, மகளுடையது. அவவிடம் கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டா. சனிக்கிழமை உங்களுக்கு இரவு 9 மணி என்றால் எங்களுக்குக் காலை பதினொன்றரை. அறையைத் திறந்து வையுங்கள், ஹாரன் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருக்கால் சொல்லித் தாருங்கள்.